லங்காவியிலிருந்து டார்வினுக்கு ஒரு கேட்டமரான்: எந்த மாதம், எந்த வழி, யார் கையில்?

வட ஆஸ்திரேலியாவின் டார்வினில் வசிக்கும் நண்பர் ஒருவர் மலேசியாவின் லங்காவியில் 44 அடி கேட்டமரான் (இரட்டை உடல் பாய்ப்படகு) ஒன்றை வாங்கிவிட்டார். 1987 முதல் வரியில்லாத் தீவாக இருப்பதால் லங்காவியில் கைமாறும் யாட்டுகள் அதிகம். விலை படிந்தது, சர்வேயர் பார்த்துச் சரி என்றார், பணமும் கட்டியாயிற்று. அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

“தம்பி, கப்பல்ல ஏத்தி அனுப்பினா எவ்வளவு ஆகும், ஓட்டிக்கிட்டு வந்தா எவ்வளவு ஆகும்? ரெண்டையும் எழுதி அனுப்பு, நான் முடிவு பண்ணிக்கிறேன்.”

“அனுப்புறேன் அண்ணே. படகு எந்த மாசம் டார்வின்ல நிக்கணும்?”

“அது எப்ப வந்தா என்ன?”

அந்தக் கேள்விக்கு நான் எழுதி அனுப்பிய பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துத் தருகிறேன். அடுத்தவர் படகைக் கூலிக்கு ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். இந்தத் தீவுக் கடல்களில் படகு வாங்கும் பலரும் பணத்தில்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் எல்லாம் தலைகீழாகப் போகும். முதலில் மாதம். மாதம் முடிவானால் வழி தானாகத் தெரியும். வழி தெரிந்தால் எத்தனை ஆள் வேண்டும் என்பது தெரியும். பணம் கடைசியாக வந்து நிற்கும் எண்.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் கணக்கு பிடிபடாது. அகலம் ஏழரை மீட்டருக்கு மேல். 45 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் இரண்டு. டேங்க் இரண்டும் சேர்த்து 600 லிட்டர். கடல் அமைதியாக இருந்தால் ஒரே இன்ஜினில் மணிக்கு 3.2 லிட்டர் குடித்து ஐந்தரை நாட் (மணிக்கு ஐந்தரை கடல் மைல்) ஓடும். எதிர்காற்று 20 நாட் அடித்து, குட்டை அலை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து முட்டினால் இரண்டு இன்ஜினையும் போட வேண்டும். அப்போது மணிக்கு ஏழரை லிட்டர் போகும். வேகமோ மூன்றரை நாட்தான் கிடைக்கும்.

மாதம்

தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு இது சின்ன வயதிலேயே காதில் விழுந்த பாடம். வாடைக் காற்று எப்போது விழும், கச்சான் காற்று எப்போது எழும் என்று பார்க்காமல் எந்தத் தோணியும் பாய் விரிக்காது. இந்தோனேசியத் தீவுகளுக்கும் இரண்டு காற்றுக் காலம் உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்கிலிருந்து வீசும், அதை அங்கே ‘முசிம் பாராட்’ என்கிறார்கள். மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து வீசும், அது ‘முசிம் தீமூர்’. நடுவில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் காற்று தடுமாறும் சில வாரங்கள்.

லங்காவியிலிருந்து டார்வினுக்குப் போவதென்றால் தென்கிழக்கு நோக்கிப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து யாட்டுகள் ஜூலை, ஆகஸ்டில் கூட்டமாக மேற்கே வருவதற்குக் காரணம் அந்தத் தென்கிழக்குக் காற்று அவற்றுக்குப் பின்காற்று. நமக்கு அது மூக்கில் அடிக்கும்.

கடைசிக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்தோனேசியாவின் தீமோர் தீவிலுள்ள குப்பாங்கிலிருந்து டார்வின் ஏறத்தாழ 460 கடல் மைல். காற்றில்லாத மாதத்தில் 84 மணி நேரத்தில் 270 லிட்டர் டீசலோடு போய்ச் சேரலாம். அதே தூரம் ஜூலையில் 131 மணி நேரம், 980 லிட்டர். டேங்கில் இருப்பது 600. மீதியை ஜெர்ரிகேனில் மேல்தளத்தில் கட்டிக்கொண்டு, அலை ஏறும் தளத்தில் நின்று ஊற்ற வேண்டும். இன்ஜினை நிறுத்திப் பாயை மட்டும் நம்பலாமே என்றால், சுற்றுலாக் கேட்டமரான் காற்றை நெருங்கி ஓடும் சாதி இல்லை. இடமும் வலமுமாக வளைந்து போனால் 460 மைல் 800 மைல் ஆகும். நண்பர் ‘எப்ப வந்தா என்ன’ என்று கேட்டதற்கு இந்த ஒரு பத்தியே பதில். அவர் செலவுக் கணக்கில் பெரிய மாற்றம் செய்யக்கூடியது கேப்டன் கூலி அல்ல, மாதம்.

அப்படியானால் பின்காற்று வீசும் ஜனவரி, பிப்ரவரியில் கிளம்பலாமே? கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காற்று ஒரே சீராக வீசுவதில்லை. கறுத்த மேகமும் மழையும் திடீர்ச் சூறையுமாக வரும். பாலியிலும் ஃப்ளோரஸிலும் நாம் நங்கூரம் போட நினைக்கும் வடகரைகள் எல்லாம் அந்தக் காற்றுக்கு நேராகத் திறந்து கிடக்கும். இவற்றையெல்லாம் சமாளித்துவிட்டாலும் முடிவில் தீமோர் கடலில் புயல் காலம் காத்திருக்கும். ஆஸ்திரேலியா புயல் காலத்தை நவம்பர் முதல் ஏப்ரல் கடைசி வரை என்று கணக்கிடுகிறது. காப்பீட்டுக்காரர்களும் அந்தத் தேதிகளைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். 1974 கிறிஸ்துமஸ் இரவில் டார்வினை அழித்த ட்ரேசி புயலில் 66 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் இன்றும் வயதானவர்கள் காலத்தை ட்ரேசிக்கு முன், பின் என்று பிரித்துப் பேசுவதைக் கேட்கலாம்.

ஏப்ரலையும் பாதுகாப்பான மாதம் என்று நினைத்துவிடக் கூடாது. செரோஜா புயல் குப்பாங்கைத் தாக்கியது 2021 ஏப்ரல் முதல் வாரத்தில். கிழக்குத் தீமோரையும் சேர்த்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பாங் துறைமுகத்தில் கட்டிக்கிடந்த பெரிய ஃபெரி ஒன்று கட்டிய இடத்திலேயே மூழ்கியது. இத்தனைக்கும் குப்பாங் பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி தெற்கில்தான் இருக்கிறது. புயல் இவ்வளவு வடக்கே வராது என்று நம்பப்பட்ட இடம்.

ஆகவே நான் வைத்த தேதி இது: ஏப்ரல் நடுவில் லங்காவியை விட்டுக் கிளம்புவது, மாதக் கடைசி வரை பாலிக்கு மேற்கிலேயே இருப்பது, மே பிறந்த பிறகு குப்பாங், தென்கிழக்குக் காற்று நிலைகொள்வதற்கு முன் டார்வின். இரண்டாவது வாய்ப்பு செப்டம்பர் கடைசியில் கிளம்பி அக்டோபர் முடிவதற்குள் சேர்வது. அதுவும் முடியும். ஆனால் சுமத்ராவிலும் காலிமந்தானிலும் கரி நிலம் எரிந்தால் புகை மூட்டம் அந்த மாதங்களில்தான் மலாக்கா நீரிணையை மூடும். 2015-லும் 2019-லும் அது எப்படி இருந்தது என்பதை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தவிர, டார்வினில் போய் நின்றதும் புயல் காலம் தொடங்கிவிடும்; புதுப் படகை வாங்கியவர் ஆறு மாதம் அதைக் கட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் ஏப்ரல் பக்கம்.

உள்வழியா, வெளிவழியா

உள்வழி என்று நான் சொல்வது மலாக்கா நீரிணையில் இறங்கி, சிங்கப்பூருக்கு எதிரே பாத்தாம் (Batam) தீவின் நோங்சாவில் இந்தோனேசியாவுக்குள் நுழைந்து, பெலித்துங், ஜாவாக் கடல், பாலியின் வடகரையில் லோவினா, ஃப்ளோரஸின் மேற்கு முனையில் லாபுவான் பாஜோ, குப்பாங், டார்வின். மொத்தம் சுமார் 2,300 கடல் மைல். வெளிவழி, சுமத்ராவின் வடமுனையில் சபாங்கைச் சுற்றி, சுமத்ராவுக்கு மேற்கிலும் ஜாவாவுக்குத் தெற்கிலும் இந்தியப் பெருங்கடலில் போவது. அது 2,800 மைலுக்குக் குறையாது.

500 மைல் கூடுதல் என்றாலும் வெளிவழியை விரும்பும் கேப்டன்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. கரையிலிருந்து ஐம்பது மைல் தள்ளிப் போய்விட்டால் கப்பல் நெரிசல் இல்லை, வலை இல்லை, அடியில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். இரவில் நிம்மதியாக வாட்ச் (காவல் முறை) பார்க்கலாம். ஆனால் ஏதாவது ஒன்று பழுதானால் ஒதுங்க இடம் எங்கே? பாடாங், சிலாசாப், பெனோவா என்று விரல் விட்டு எண்ணலாம். தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலை அந்தக் கரை முழுவதும் வந்து மோதுகிறது. அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் மெந்தாவாய் தீவுகளைத் தேடி வருவதே அதற்காகத்தான். பூமத்திய ரேகையை ஒட்டிய நூற்றுக்கணக்கான மைலில் காற்றே இருக்காது, அந்த அலை மட்டும் படகை உருட்டும். ஆழமான கீலும் பெரிய பாயும் உள்ள ஒற்றை உடல் படகு, நல்ல ஆட்கள், போக வேண்டிய இடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில் என்றால் நானே சுந்தா நீரிணை வழியாக வெளியேறிவிடுவேன். டார்வினுக்குப் போகும் லேசான கேட்டமரானுக்கு வெளிவழி ஒத்துவராது.

மூன்றாவதாக, போர்னியோவின் வடக்கே சுற்றி சுலு கடல் வழியாகப் போகலாமே என்று வரைபடத்தைப் பார்த்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். யாட்டிலிருந்து ஆட்களைக் கடத்திக் கொன்ற கடல் அது. 2016-க்குப் பிறகு நான் யாருக்கும் அந்தப் பக்கம் பரிந்துரைத்ததில்லை.

சரி, உள்வழிதான். அதில் என்னென்ன காத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதல் 400 மைல் மலாக்கா நீரிணை. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகும் பாதை. கப்பல் தடத்துக்குள் நாம் போகக் கூடாது. கரையோரம் ஒதுங்கினால் வலை. தடத்துக்கும் வலைக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான பட்டையில்தான் நம் வழி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ என்று பெயர் வாங்கிய சூறை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னால், மேற்கிலிருந்து வரிசை கட்டி வரும். அரை மணி நேரத்தில் 40 நாட் வரை அடித்துவிட்டு, மழையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். ரேடாரில் கோடு தெரிந்ததும் பாயைச் சுருட்டிவிட்டால் பயமில்லை. மின்னல்தான் என்னைப் பயமுறுத்தும். கையடக்க ஜி.பி.எஸ்., ஒரு போன், சாட்டிலைட் கருவி மூன்றையும் அடுப்பின் ஓவனுக்குள் வைத்து மூடிவிடுவது எங்கள் வழக்கம். இரும்புப் பெட்டிக்குள் இருந்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

சிங்கப்பூர் நீரிணையை நல்ல பகலில், கப்பல் தடத்துக்குச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். அதற்குத் தெற்கே கப்பல் குறையும், மீன்பிடிப் படகு கூடும். ஜாவாக் கடலின் சராசரி ஆழமே 46 மீட்டர்தான். ஆகவே கரையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போனாலும் வலை உண்டு, மிதக்கும் ‘ரும்போன்’ உண்டு. ஓலையும் மூங்கிலும் கட்டி மீனைச் சேர்க்க விட்டுவைத்திருக்கும் அந்த மிதவைகளில் பலவற்றுக்கு விளக்கே கிடையாது. அதைவிட ஆபத்து காலிமந்தானிலிருந்து நிலக்கரி இழுத்துவரும் டக் படகுகள். டக்கின் விளக்கு தெரியும். பின்னால் சில நூறு மீட்டர் கம்பியில் வரும் பார்ஜில் (சரக்குத் தெப்பத்தில்) ஒரு மங்கல் விளக்கு இருந்தால் பெரிது. இரவில் டக்கின் பின்புறமாகக் கடந்துவிடலாம் என்று திரும்பினால் கம்பியின் மேல் போய் ஏறுவோம். எனக்குக் கீழே வாட்ச் பார்க்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: ஒரு விளக்கைக் கண்டால் அதன் பின்னால் இன்னொன்றைத் தேடு.

பெலித்துங்குக்கு வடக்கே ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு இடது இன்ஜின் ஒரு முனகலோடு நின்றது. வலைக்கயிறு ப்ரொப்பெல்லரில் சுற்றிவிட்டது. விடியும் வரை வலது இன்ஜினில் மெல்லப் போனோம். வெளிச்சம் வந்ததும் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, ரொட்டி அறுக்கும் பல் கத்தியால் முக்கால் மணி நேரம் அறுத்தேன். ஒற்றை இன்ஜின் படகாக இருந்திருந்தால் அந்த நான்கு மணி நேரமும் டக் படகுகளின் பாதையில் கையைக் கட்டிக்கொண்டு மிதந்திருப்போம். உள்வழிக்கு இரட்டை இன்ஜின் கேட்டமரான் ஏற்ற படகு என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பாலியை நெருங்கும்போது ஓர் ஆசை வரும்: தெற்கே பெனோவாவில் நல்ல மரீனா (படகுத்துறை) இருக்கிறதே, நான்கு நாள் ஓய்வெடுக்கலாமே என்று. போகாதீர்கள். பசிபிக்கின் நீர்மட்டம் இந்தியப் பெருங்கடலைவிடச் சற்று உயரம் என்பதால் நொடிக்குச் சுமார் 1.5 கோடி கன மீட்டர் நீர் இந்தத் தீவுகளின் இடுக்குகள் வழியாகத் தெற்கே வடிந்துகொண்டே இருக்கிறது. அதில் ஒரு பெரிய பங்கு லொம்போக் நீரிணை வழியாகப் போகிறது. எங்கள் ஊர் மீனவர் மொழியில் சொன்னால், நீவாடு, அதாவது நீரோட்டம், அங்கே ஆறு போல ஓடும். தெற்கே இறங்குவது சுலபம். திரும்பி வடக்கே ஏற நம் ஐந்தரை நாட் போதாது. லோவினாவிலோ, லொம்போக்கின் வடகரையில் மேடானாவிலோ நின்றுகொள்வது நல்லது. டீசலும் அங்கே கேன்களில் கொண்டுவந்து தருவார்கள்.

இரவில் ஓடுவதா, பகலில் மட்டும் ஓடுவதா

இத்தனை ஆபத்தும் இரவில்தானே, பகலில் மட்டும் ஓடி மாலையில் நங்கூரம் போட்டால் என்ன என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பூமத்திய ரேகையை ஒட்டிய கடலில் இருட்டு பன்னிரண்டு மணி நேரம். பகலில் ஐம்பது மைல் என்றால் 46 நாள் ஓட வேண்டும், ஓய்வு நாள் சேர்த்தால் இரண்டு மாதம். ஏப்ரல் நடுவில் கிளம்பினால் ஜூனில் குப்பாங்குக்கு வருவோம். அதாவது எந்தக் காற்றைத் தவிர்க்கத் திட்டம் போட்டோமோ அதற்குள்ளேயே போய் விழுவோம்.

இன்னொன்றும் உண்டு. தினமும் நங்கூரம் போடுவது என்றால் தினமும் பாரை (கடலடிப் பாறைத் திட்டை) நெருங்குவது. இந்தக் கடல்களின் வரைபடங்களில் பல, டச்சுக்காரர் காலத்து அளவைகளின் மேல் நிற்பவை. சில இடங்களில் தீவே சில நூறு மீட்டர் தள்ளி வரையப்பட்டிருக்கும். சாட்டிலைட் படத்தை வரைபடத்தின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாலும் பார்த்துத்தான் நுழைய வேண்டும். பார் கண்ணுக்குத் தெரிவது வெயில் உச்சியில் இருக்கும்போது, காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை. கிழக்கு நோக்கிப் போகும் நமக்குக் காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், தண்ணீர் வெறும் வெள்ளித் தகடாகத் தெரியும். ஆகவே பகல் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது நுழைவதுதான் பாதுகாப்பு. ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு மணி நேரத்தில் சரியாகப் போய்ச் சேர முடியாது.

முழுக்க நிற்காமல் ஓடினால் பதினெட்டு நாள். டேங்கும் ஆளும் தாங்காது. நான் தேர்ந்தெடுத்தது இரண்டுக்கும் நடுவில்: நோங்சா, பெலித்துங், லோவினா, லாபுவான் பாஜோ, குப்பாங் என ஐந்தே நிறுத்தம். நடுவில் இரவும் பகலும் ஓட்டம். பெலித்துங்கை ஒட்டிய நெரிசலான இரவுகள் வளர்பிறையில் வரும்படி கிளம்பும் நாளை முன்னும் பின்னும் நகர்த்தலாம். நிலவு இருந்தால் விளக்கில்லாத மிதவை கண்ணில் படும். இல்லாவிட்டால் இடித்த பிறகுதான் தெரியும்.

கப்பலில் ஏற்றினால்

கப்பல் கட்டணம் ஓட்டிவரும் செலவைவிடக் கூடுதலாகத்தான் வரும். கேட்டமரானுக்கு இன்னும் கூடும். கப்பல்காரர் கணக்கிடுவது நீள, அகல, உயரத்தை. ஏழரை மீட்டர் அகலம் மேல்தளத்தில் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். தொட்டில் செய்ய வேண்டும், தூக்கும் பட்டை எந்த இடத்தில் விழ வேண்டும் என்று தயாரிப்பாளரின் வரைபடம் வேண்டும், ஏற்றும்போதும் இறக்கும்போதும் சர்வேயர் நிற்க வேண்டும். ஏற்றும் தேதி ஒரு நாளாகச் சொல்லப்படாது, இரண்டு மூன்று வாரம் அகலத்தில் சொல்லப்படும். அது தள்ளியும் போகும்.

இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பவையும் உண்மையானவை. இன்ஜினில் 400 மணி நேரம் ஏறாது. பாய் வெயிலில் நைந்துபோகாது. காற்றுக் காலத்தைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை. சிட்னியிலோ பிரிஸ்பேனிலோ வசிப்பவர் கேட்டிருந்தால் நான் யோசிக்காமல் கப்பல் என்று சொல்லியிருப்பேன். ஏனென்றால் ஓட்டிக்கொண்டு போனால் டோரஸ் நீரிணையைத் தாண்டிய பிறகு குயின்ஸ்லாந்து கரை முழுவதும் அதே தென்கிழக்குக் காற்று எதிரே நிற்கும்.

நண்பர் இருப்பதோ டார்வினில். இந்தப் பக்கத்திலிருந்து யாட்டுகளை ஏற்றும் கப்பல்களுக்கு வழக்கமான இறக்குமிடம் பிரிஸ்பேன். அங்கே இறக்கிவிட்டால் டார்வினுக்கு இன்னும் ஏறத்தாழ 2,000 மைல் ஓட்ட வேண்டும். கப்பலுக்கும் காசு கொடுத்து, கேப்டனுக்கும் காசு கொடுத்து, லங்காவியிலிருந்து நேரே வருவதற்குச் சமமான தூரத்தை ஓட்டுவதா? இந்த வரியைப் படித்ததும் அண்ணன் கப்பல் பேச்சை விட்டுவிட்டார்.

இறக்குமதி வரியைப் பற்றியும் கேட்டிருந்தார். ஐந்து விழுக்காடு சுங்கம், அதற்கு மேல் பத்து விழுக்காடு ஜி.எஸ்.டி. கப்பலில் வந்தாலும் ஓட்டி வந்தாலும் அதே வரி என்பதால் ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

யார் ஓட்டுவது, கூலி எப்படி

“நானும் என் மச்சானும் ஓட்டிக்கிட்டு வந்துட்டா?” என்பது அவருடைய அடுத்த யோசனை. இருவரும் டார்வின் துறைமுகத்தில் வாரக் கடைசியில் ஓட்டிப் பழகியவர்கள். கை வேலை தெரியும், கடல் மேல் ஆசையும் உண்டு. எனக்கு அதில் மறுப்பு இல்லை, ஆனால் இரண்டு பேர் என்பதில் மறுப்பு உண்டு. இரண்டு பேர் என்றால் மூன்று மணி நேரம் விழிப்பு, மூன்று மணி நேரம் தூக்கம். நான்காவது இரவில் கண் திறந்திருக்கும், மூளை பார்க்காது. மலாக்காவிலும் ஜாவாக் கடலிலும் அது போதாது. மூன்று பேர் என்றால் மூன்று மணி நேரம் விழித்து ஆறு மணி நேரம் தூங்கலாம். கூலி ஒரு ஆளுக்குக் கூடும், அவ்வளவுதான். காப்பீட்டுக்காரர்களும் கேப்டனின் சான்றிதழையும் அவர் ஓட்டிய மைல்களையும் கேட்டுத்தான் இந்தக் கடலுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். ‘யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர்’ சான்றும் தொழில்முறை அனுமதியும் இருப்பவரின் பெயர் பாலிசியில் எழுத்தில் இருக்க வேண்டும்.

கூலியில் இரண்டு முறை உண்டு. மொத்தமாக ஒரு தொகை பேசுவது ஒன்று, நாள் கூலி இன்னொன்று. வாங்குபவருக்கு மொத்தத் தொகை பிடிக்கும், செலவு முன்பே தெரிந்துவிடுகிறதே. நான் நாள் கூலிக்குத்தான் வாதாடுவேன், காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்ட பயணம் ஒன்றில், எங்களை அனுப்பிய ஏஜென்ட் துறைமுகத்தில் ஒவ்வொரு நாள் காத்திருந்தபோதும் போன் போட்டார். அந்த நாள்களின் சாப்பாடும் கட்டணமும் எங்கள் தொகையிலிருந்து கரைந்துகொண்டிருந்தன. மேற்கே மேகம் கறுத்திருந்த ஒரு மாலையில் கேப்டன் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அன்றிரவு பெரிய பாய் இரண்டாகக் கிழிந்தது, கூட வந்த பையனுக்கு மணிக்கட்டு முறிந்தது. காத்திருப்பதற்குக் கூலி இல்லை என்றால் காத்திருக்க மாட்டார்கள். தீவுக் கடலில் பாதி வேலை காத்திருப்பதுதான்.

நண்பரோடு நான் பேசியது நாள் கூலி, மேலே ஒரு உச்சவரம்பு. டீசல், துறைமுகக் கட்டணம், ஆட்களின் விமான டிக்கெட், சாப்பாடு எல்லாம் படகுக்காரர் கணக்கு, ரசீதோடு. பழுதுக்கென்று தனியாக ஒரு தொகை முன்பணம். கிளம்பும் முடிவு கேப்டனுடையது மட்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி.

காகிதமும் டீசலும்

முன்பு இந்தோனேசியாவுக்குள் யாட் கொண்டுபோக ‘கெயிட்’ என்ற அனுமதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2015-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சுங்கத்துறைக்கு இணையத்தில் படகு அறிவிப்பு அனுப்பிவிட்டு, நுழைவுத் துறைமுகத்தில் சுங்கம், குடியேற்றம், தனிமைப்படுத்தல், துறைமுக அதிகாரி நால்வரையும் பார்த்தால் போதும். படகின் அசல் பதிவுச் சான்று, படகுக்காரர் கேப்டனுக்கு எழுதிக்கொடுத்த அதிகாரக் கடிதம், ஆட்கள் பட்டியலின் பல பிரதிகள், படகு பெயர் பொறித்த ரப்பர் முத்திரை. அந்த முத்திரையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இந்தோனேசிய அலுவலகங்களில் முத்திரை குத்திய தாளுக்குத்தான் மரியாதை. நிற்காமல் கடந்து போவதற்கு 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை வழி விடுகிறது, ஆனால் டீசலுக்காக நாம் நின்றே ஆக வேண்டும் என்பதால் அந்த வசதி நமக்கு உதவாது.

டீசல் விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தோனேசியாவில் 2023-லிருந்து டீசலில் 35 விழுக்காடு பாமாயில் கலப்பு, 2025-லிருந்து 40. அது தண்ணீரை இழுக்கும்; பழைய டேங்கின் அடியில் படிந்திருக்கும் கசடையும் கழுவிக்கொண்டு வரும். வாங்கிய படகு பத்து வருடப் படகு என்றால் லங்காவியிலேயே டேங்கைத் திறந்து சுத்தம் செய்துவிட வேண்டும். ஃபில்டர் வழக்கமாக வாங்குவதைப் போல மூன்று மடங்கு, இன்ஜினுக்குக் கடல்நீர் இறைக்கும் இம்பெல்லர் நான்கு. மானிய விலை டீசலை யாராவது படகோரம் கொண்டுவந்து மலிவாகத் தந்தால் வாங்கக் கூடாது. வெளிநாட்டுப் படகுக்கு அது சட்டவிரோதம்.

டார்வினில் கேட்பது காகிதத்தைவிட அடிப்பாகத்தை. 1999-ல் அங்கே கல்லன் பே மரீனாவில் மத்திய அமெரிக்கக் கடலைச் சேர்ந்த கருவரிச் சிப்பி பெருகியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மூன்று மரீனாக்களைப் பூட்டி, குளோரினும் தாமிர சல்பேட்டும் கொட்டி, உள்ளே இருந்த எல்லா உயிரையும் கொன்றுதான் அதை ஒழித்தார்கள். எட்டு மீட்டர் வரை ஏறி இறங்கும் ஓதம் என்பதால் அங்குள்ள மரீனாக்கள் நீரை அடைக்கும் மதகுக் கதவுக்குப் பின்னால் இருப்பவை. அதனால்தான் அடைத்து ஒழிக்கவும் முடிந்தது. அதிலிருந்து வெளிநாட்டுப் படகுகளை முக்குளிப்பவர் இறங்கிப் பார்த்து, கடல்நீர்க் குழாய்களுக்கு மருந்து செலுத்திய பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். லங்காவியில் கரையேற்றி அடியைச் சுரண்டிப் புது ஆன்டிஃபவுலிங் (பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூசிய ரசீதும் படங்களும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இறைச்சி, முட்டை, பழம், தேன் எதுவும் மிஞ்சக் கூடாது என்பதால் குப்பாங்கிலிருந்து சாப்பாட்டையும் எண்ணிச் சமைப்போம்.

மார்ச் கடைசி வாரத்துக்கு லங்காவியில் கரையேற்றும் இடம் பதிவாகிவிட்டது. டேங்க் திறப்பதும் அடி பூசுவதும் அப்போதே. ஏப்ரல் நடுவில் மூன்று பேர் கிளம்புகிறோம், நாள் கூலிக்கு, உள்வழியில், ஐந்து நிறுத்தத்தோடு. மச்சான் வரவில்லை. அண்ணன் குப்பாங்குக்கு விமானத்தில் வந்து நாலாவது ஆளாக ஏறிக்கொள்கிறார். கடைசி 460 மைலுக்கு மாலை ஆறு முதல் ஒன்பது வரை வாட்ச் அவருடையது.